இரண்டாவது சோடி கிளவுஸ்

ஜெபல் அலி துறைமுகத்துக்குப் பின்னால் மணலுக்குள் நின்ற தொழிலாளர் கேம்பில், ஆறாம் நம்பர் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்குள் யோகநாதனைத்தான் எல்லோரும் ‘புரொபசர்’ என்று கூப்பிட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்த பதவியில்லை அது. அறையின் வாய்க்கொழுப்புக் கொடுத்தது.

வயது முப்பத்துநாலு. ஊர் சாவகச்சேரிப் பக்கம். ஒரு கம்பெனியின் களஞ்சியத்தில் ஸ்டோர் கிளார்க் வேலை. ஹெல்மெட், சப்பாத்து, கிளவுஸ் எல்லாம் அவன் கையால்தான் தொழிலாளிகளுக்குப் போகும். 1972ஆம் ஆண்டுப் பரீட்சையில் இரண்டே இரண்டு புள்ளியால் அவனுக்குக் கம்பஸ் அனுமதி தவறிப்போனது. ஊர் முழுக்க அதை மறந்த பிறகும் அவன் மறக்கவில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் எவனாவது ‘நான் பேராதனையில படிக்கேக்கை’ என்று தொடங்கினால் இவனுக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் தபாலிலேயே பட்டப்படிப்பு நடத்துகிறது என்று கேள்விப்பட்டதும் விழுந்தடித்துக்கொண்டு எழுதிப் போட்டான். பாடம் உலகத்துப் பூர்வகுடிகள். அந்தந்த நிலத்தில் ஆதியிலிருந்து இருந்தவர்கள், பிறகு வந்தவர்களால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள், அவர்களுடைய சட்டம், மொழி, வழக்கம். இந்தப் பாடத்தில் அவனுக்குத் தீராத ஆசை இருந்ததென்று சொன்னால் அது பொய். மற்றப் பாடங்களுக்கெல்லாம் நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. இது ஒன்றுதான் முழுக்க முழுக்கத் தபாலில் வந்தது. ஆனால் படிக்கத் தொடங்கியபின் பாடம் அவனைப் பிடித்துக்கொண்டது. இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் குந்தியிருந்து, உறைபனி நாட்டு மனிதரைப் பற்றி வியர்வை வழிய வழியப் படித்தான்.

இரண்டாம் வருஷத்தில் ஒப்பந்தங்களைப் பற்றிக் கட்டுரையாக எழுதி அனுப்ப ஒரு ஒப்படை. எழுத வாசிக்கத் தெரியாத குலத்தலைவர்களிடம் இரண்டு கம்பளியைக் கொடுத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறதென்று சொல்லாமலே தாளில் அடையாளம் வாங்கி, காடும் ஆறும் எடுத்துக்கொண்ட கதை. யோகநாதன் கொதித்துப்போய் எழுதினான். எண்பத்தொரு புள்ளி வந்தது. ‘கோபம் தெரிகிறது, நல்லது’ என்று ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார். அதை அறைக்கே வாசித்துக் காட்டினான்.

“கம்பளியக் குடுத்துக் காணி எடுத்தவன்தான்ரா கெட்டிக்காரன். நீ கிளவுஸ் குடுத்து என்னத்த எடுத்தனி?” என்றார் அரியரத்தினம். அவர் ஃபோர்மன், அறையின் மூத்தவர், யாழ்ப்பாணத்தார். புதிதாக யார் வந்தாலும் பெட்டியைக் கீழே வைக்க முன்னம் “தம்பி எவடம்?” என்று கேட்பது அவர் வழக்கம். நம்முடைய ஆட்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஊர், தெரு, கோயில், சாதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துவிடும். யோகநாதனும் அதே கேள்வியில் வளர்ந்தவன்தான். அதில் பிழை இருப்பதாக அவனுக்கு அதுவரை தோன்றியதில்லை.

எண்பத்தொன்று வாங்கியவன் கடைசி வருஷத்தில் சறுக்கினான். வடதுருவத்து மக்களைப் பற்றி அனுப்பியதற்கு முப்பத்தெட்டுப் புள்ளி. ‘இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்டு, அதே உறைக்குள் கடைசி ஒப்படையையும் அனுப்பியிருந்தார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் ஆதிக்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவருடைய மொழியில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள். பிறகு சம்மதத் தாளில் அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அனுப்புங்கள். தொண்ணூற்றைந்து நாளில், 1987 ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி முத்திரை விழுந்திருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ஒப்படை தவறினால் பதிவு ரத்து. நாலு வருஷப் படிப்பும் மணலில் போகும்.

யோகநாதன் அதை மூன்று தரம் வாசித்தான். யாரைப் பிடிப்பது? அரபி வீட்டு வாசலில் போய் நின்று ‘நீங்கள் ஆதியிலிருந்து இங்கேதானா’ என்று கேட்கலாமா? விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளி, கபீலிடம் கேட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிடுவார். இரண்டு கிழமை இப்படி மண்டையைப் போட்டு உடைத்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தன் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலிலிருந்து “தம்பி, ஒரு கடிதம் எழுதுவமா?” என்ற குரல் வந்தபோது அவன் கட்டில் விளிம்பால் எட்டிக் கீழே பார்த்தான்.

அது கதிர்காமு. நாற்பத்திரண்டு வயது. கப்பலில் ஏற்றும் பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமைகளில் அறையின் சமையல் அவர் கையில். அவர் வைக்கும் மீன் குழம்புக்காக நாலாம் நம்பர் அறைக்காரன்கூடத் தட்டோடு வருவான். அரியரத்தினத்தின் கேள்விக்கு அவர் ‘மூதூர்ப் பக்கம்’ என்று மட்டும் பதில் சொன்னார். கிழக்கு மாகாணத்துத் தெருவெல்லாம் அரியரத்தினத்துக்குத் தெரியாது. ஆகவே அத்தோடு விட்டுவிட்டார்.

கதிர்காமுவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை யோகநாதன் நீலநிற ஏர்லெட்டரை விரித்துவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுவான். மனைவி சிவகொழுந்துவுக்கு. பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் அதை அவளுக்கு வாசித்துக் காட்டுவார். முன்னோருக்கு வருஷச் சடங்கு நடந்ததா, யார் யார் வந்தார்கள், மூத்த மகன் தன் பங்கைப் பழகிக்கொண்டானா, களப்பில் மீன்கூடு வைக்கிற இடத்தை எவனாவது மறித்திருக்கிறானா. ஆறேழு கடிதத்திலேயே யோகநாதனுக்கு விளங்கிவிட்டது. கதிர்காமு வேடர். கடற்கரையோரக் காட்டில், தமிழே பேசிக்கொண்டு, நம்முடைய தீவின் ஆதிக்குடியாக இன்னும் இருக்கிற வேடர். யோகநாதன் அதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த அளவுக்கு நல்லவன்தான். அந்தச் சடங்கைப் பற்றிக் கடிதங்களில் இன்னும் நிறைய இருந்தது. அதை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் பின்னால் வரும்.

ஒப்படையின் கேள்விக்குப் பதில் தன் கட்டிலுக்குக் கீழேயே ஐந்து வருஷமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் யோகநாதன் அவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டு, மாட்டேன் என்றுவிட்டால்? கடிதம் முழுக்க மண்டைக்குள்ளேயே இருக்கிறதே. டிசம்பர் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் களஞ்சியத்துத் தட்டச்சுப் பொறியில் உட்கார்ந்து தட்டினான். சடங்கு, பாட்டு, கோயிலின் பெயர், ஊரின் பெயர், ஆளின் பெயர், ஒன்றும் விடவில்லை. ‘மறைந்துபோகும் ஒரு மக்கள்’ என்று தலைப்பு. சரியாகப் பன்னிரண்டு பக்கம். தானே வாசித்துத் தானே கண் கலங்கினான்.

மிச்சம் இருந்தது சம்மதத் தாள்.

ஜனவரி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை. கதிர்காமு புதுக் கிளவுஸ் வாங்கக் களஞ்சியத்துக்கு வந்தார். பொருள் வாங்கினால் புத்தகத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். யோகநாதன் மைப்பெட்டியைத் திறந்தான். அவர் புத்தகத்தில் விரலை ஊன்றினார். அவன் இன்னொரு தாளைப் பக்கத்தில் தள்ளினான்.

“அண்ணை, இதிலயும் ஒருக்கா வையுங்கோ.”

என்ன தாள் என்று அவர் கேட்கவேயில்லை. ‘எனக்கு என் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது, நான் விளங்கிக்கொண்டேன்’ என்ற ஆங்கில வரிக்குக் கீழே பெருவிரலை ஊன்றி எடுத்து, பஞ்சில் துடைத்தபடி சிரித்தார்.

“என்ன புரொபசர் தம்பி, ரெண்டு தரம் வாங்கிறீங்க. ரெண்டு சோடி தருவீங்களோ?”

யோகநாதனுக்கு முகம் சுட்டது. சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டு, அலுமாரியிலிருந்து இன்னொரு சோடி கிளவுஸை எடுத்து அவர் கையில் திணித்தான். ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் பின்னேரம் களஞ்சியத்தைப் பூட்டப் போகும்போது கதிர்காமு திரும்பி வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி ஒன்றை மேசையில் வைத்தார்.

“நேத்து ஒரு சோடி கூடிப்போச்சு தம்பி. நான் பகிடிக்குக் கேட்டது. ஸ்டோர் செக் பண்ண வந்தாங்களெண்டா ஒங்களுக்குத்தான் கரைச்சல். வெச்சிக்கங்க.”

அவர் போய்விட்டார். யோகநாதன் பொதியைப் பிரித்தான். பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்குக் கம்பளி ஞாபகம் வந்தது. வாசிக்கத் தெரியாதவனிடம் அடையாளம் வாங்கிக்கொண்டு கையில் இரண்டு கம்பளி. எண்பத்தொரு புள்ளி. கோபம் தெரிகிறது, நல்லது. அந்தக் குலத்தலைவர்களாவது கம்பளியை வைத்துக்கொண்டார்கள். இந்த மனிதர், அவனுக்குக் கரைச்சல் வரக்கூடாதென்று திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறார். யோகநாதனுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

அப்படியும் அவன் உடனே திருந்திவிடவில்லை. மனித மனம் லேசில் விடுமா? களஞ்சியத்தில் நடந்தது கனடாவுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று வியாழக்கிழமை முழுக்க அது வக்கீல் வேலை பார்த்தது. அறையில் எவனும் அதைப் படிக்கப்போவதில்லை. பதினைந்து வருஷமாகச் சோறு இறங்காமல் இருந்தவனுக்கு ஒரு உறையை ஒட்டுவதா கஷ்டம்? ஆனால் ஒட்ட முடியவில்லை. கடைசியில் உறையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தான்.

வெள்ளி காலை. மற்றவர்கள் அரியரத்தினத்தோடு பஸ் பிடித்துத் தேராக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். மாசி மாதம் நெருங்குகிற இதமான வெயில். கதிர்காமு அறைக்குப் பின்னால் கேபிள் உருளையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, செவ்வாய்க்கிழமை உங்களிட்ட ரெண்டாவதா ஒரு கைநாட்டு வாங்கினனான். அது என்னெண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்ல. இப்ப வாசிக்கிறன்.”

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி மாற்றி வாசித்தான். முதல் பக்கம் முடிவதற்குள் கதிர்காமுவின் கத்தி நின்றுவிட்டது. பன்னிரண்டு பக்கமும் வாசித்து முடிய மீனில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் விரட்டவில்லை.

“இதெல்லாம் ஆர் சொன்னது?”

“நீங்கள்தான் அண்ணை. கடிதத்தில.”

“நான் ஒங்களுக்குச் சொல்லல்ல தம்பி. சிவகொழுந்துக்குச் சொன்னன்.”

யோகநாதன் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தான். படித்த ஆள், நாலு வருஷமாக இதையே படித்த ஆள், அந்த வித்தியாசத்தை யோசித்ததேயில்லை.

கதிர்காமு கத்தியைச் சாக்கில் துடைத்து வைத்தார். “நான் முதல்ல சார்ஜாவில ஒரு கேம்பில இருந்தன். கேக்கிறாங்களே எண்டு உண்மையச் சொன்னன். அடுத்த நாள் எனக்கெண்டு ஒரு தட்டுப் புறிம்பா இரிக்கு. குரங்கு திண்டியா, பல்லி திண்டியா எண்டு சிரிப்பு. பதினொரு மாசம் தனியத்தான் ஆக்கித் திண்டன். இஞ்ச வரக்குள்ள மூதூரெண்டு சொன்னன். இப்ப என்ட கையாலதான் எல்லாரும் திங்கிறாங்க. அரியரத்தினம் அண்ணனும்தான். இந்தத் தாள் இஞ்ச ஒருத்தன்ட கையில அம்பிட்டா நான் திரும்பத் தட்டத் தூக்கிக்கிட்டு வெளியால போகணும்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை,” என்றான் யோகநாதன். சம்மதத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தான்.

“அத விடுங்க. மறைஞ்சுபோற சனமெண்டு எழுதியிருக்கிறீங்களே, அது ஆர் சொன்னது? அதையும் நானா சொன்னன்?”

“புத்தகத்தில அப்பிடித்தான்…”

“கார்த்திகை மாசம் என்ட தங்கச்சிக்கு இரட்டப் புள்ள புறந்திரிக்கு. நீங்கதானே அந்தக் கடிதத்த எனக்கு வாசிச்சீங்க!” அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. “நாங்க எங்க போற? இரிக்கம். எழுதிறதெண்டா அத எழுதுங்க.”

பிறகு அவர் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். ஊரின் பெயர். கோயிலின் பெயர். சடங்கு, பாட்டு. மகன்மாரின் பெயர். தன் பெயர். யோகநாதன் பேனையால் வெட்டிக்கொண்டே போனான். பக்கம் பக்கமாகப் போனது. அவர் எடுக்கச் சொன்னவை இந்தக் கதையிலும் இல்லை. கதிர்காமு என்பதும் அவருடைய பெயர் அல்ல.

“தட்டுப் புறிம்பா வெச்ச கதை?” என்று கடைசியில் கேட்டான்.

கதிர்காமு மீனிலிருந்த ஈயை விரட்டினார். “அது இரிக்கட்டும். அது எங்கட ரகசியமில்ல. அவங்கட.”

அன்று மதியம் மற்றவர்கள் வந்து குழம்பைப் புகழ்ந்து தின்று படுத்துவிட்டார்கள். யோகநாதன் களஞ்சியத்தைத் திறந்து தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்தான். புதிதாக மூன்றே பக்கம் வந்தது. ஒரு தட்டு, ‘எவடம்’ என்ற கேள்வி, இரட்டைப் பிள்ளைகள். மூன்றாம் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை நடந்ததையும், ஒரு சோடி கிளவுஸ் திரும்பி வந்ததையும் ஒளிக்காமல் எழுதினான். பின்னேரம் கதிர்காமுவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினான். அவர் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு யோகநாதன் கையாலேயே எழுதிய சம்மதத் தாளில் விரலை ஊன்றினார். இந்த முறை பகிடி எதுவும் விடவில்லை.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுத் தபாலகத்துக்கு ஓடினான். முப்பத்தொன்றாம் தேதி முத்திரை விழுவதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்தான். பன்னிரண்டு பக்கத்துக்கு மூன்று பக்கம். தவறும் என்றுதான் நினைத்தான்.

கதிர்காமு அதன்பிறகும் வெள்ளிக்கிழமைகளில் சமைத்தார். யோகநாதனுக்கும் எல்லோரையும் போலத்தான் பரிமாறினார். மீன் தலையை எப்போதும்போல அவனுக்கே வைத்தார். ஆனால் ஏர்லெட்டரைக் கொண்டு வரவில்லை. தேராவில் மசாலாக் கடை வைத்திருந்த கௌஸ் முகம்மதுவிடம் போய் எழுதுவிக்கிறார் என்று அரியரத்தினம் சொல்லித் தெரிந்தது. “ஏன்ரா, புரொபசருக்கு மை முடிஞ்சுபோச்சோ?” என்று அறை சிரித்தது. யோகநாதனும் சேர்ந்து சிரித்தான். மாதம் நாலு போனது. பட்டம் போனால் போகட்டும், அந்தக் கீழ்க்கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும் என்று அவன் ஏங்கிய வெள்ளிக்கிழமைகள் உண்டு.

ஜூன் மாதத்தில் கனடா உறை வந்தது. ஐம்பத்துமூன்று புள்ளி. ‘நீளம் போதாது. விதிப்படி இருபது புள்ளி கழித்திருக்கிறேன்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. தேறுவதற்கு ஐம்பது போதும். அறை முழுக்கக் கைதட்டியது. அரியரத்தினம் பெப்ஸி வாங்கி வந்தார். பட்டப் பத்திரம் பிறகு குழாய்க்குள் சுருட்டி வந்து சேர்ந்தது. ஊருக்கு லீவில் போனபோது ஒரு கலியாணப் பந்தியில் ‘நான் படிக்கேக்கை’ என்று தொடங்க வாய்ப்பும் கிடைத்தது. ஏனோ அவன் தொடங்கவில்லை.

பெப்ஸி குடித்த அந்தக் கிழமையே, வெள்ளிக்கிழமை காலை, கீழ்க்கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, ஒரு கடிதம் எழுதுவமா?”

யோகநாதன் மேல்தட்டிலிருந்து குதித்த வேகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டான். கதிர்காமு எப்போதும்போலச் சொன்னார். இவன் எப்போதும்போல எழுதினான். கடைசி வரி முடிந்ததும், ஐந்து வருஷப் பழக்கத்தில், ஏர்லெட்டரை மடித்து ஓரத்தை நாக்கில் நனைக்கப் போனான்.

“ஒட்டாதீங்க. வாசிங்க.”

ஐந்து வருஷத்தில் அவர் ஒரு கடிதத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னதில்லை. யோகநாதன் மடிப்பைப் பிரித்து, முதல் வரியிலிருந்து, அவருக்குக் கேட்கும்படி வாசித்தான். கதிர்காமு கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“ஓம், நான் சொன்னதுதான்,” என்றார். “இப்ப ஒட்டுங்க.”